கரூர் பஸ்ஸில் போன ஷூ

எங்கள் ஓட்டக்காரர் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று நாள் விடுமுறை வந்தால் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விடுவோம். போன இடத்தில் காலையில் ஓடியே ஆக வேண்டும். விடுமுறை முடிந்த மறுநாள் விடியும்போது ரேஸ்கோர்ஸ் சாலையில் அருகம்புல் சாறு விற்கிறவரின் சைக்கிளைச் சுற்றி நின்றுகொண்டு, யார் எங்கே ஓடினோம் என்று கதை சொல்ல வேண்டும். எல்லோரும் ஐம்பதை எட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள். எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும். என்ன சாப்பிட்டீர்கள், நாய் துரத்தியதா என்பவைதான் எங்களுக்கு முக்கியமான கேள்விகள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அன்னூரில் தங்கை வீட்டுக்குப் போய்வந்த ரங்கசாமி அண்ணன் முதலில் சொன்னார். அவர் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். குளத்தங்கரையில் அவர் ஓடுவதைப் பார்த்த ஆடு மேய்க்கிறவர், யாருக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்டபடி கம்போடு கூடவே ஓடி வந்துவிட்டாராம். சத்தியமங்கலம் போன வக்கீல், பவானியில் குளித்த சுகத்தை மட்டும் விவரித்துவிட்டு ஓட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்து என் முறை. உங்கள் கதை என்னம்மா என்றார்கள். ஸ்டெல்லா டீச்சர் எனக்குப் பக்கத்தில் நின்று ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

அந்த வருஷம் குடியரசு தினம் திங்கட்கிழமை வந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள். காங்கேயத்தில் குடியரசு தினத்தன்று ஓட்டப் பந்தயம் நடக்கிறது, நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தனிப் பரிசு என்று ஸ்டெல்லா டீச்சர் தகவல் கொண்டுவந்தார். அவர் கணக்கு டீச்சர். அவருடைய அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். பஸ்ஸுக்குக் காசில்லாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடியே போய்வந்த கால், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை என்பார். நானும் அவரும் எத்தனையோ பந்தயங்களில் சேர்ந்து ஓடியிருக்கிறோம். எல்லாவற்றிலும் நான் பார்த்தது அவர் முதுகைத்தான்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள். சர்க்கரை வந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். கூட நடந்தவர்கள் பேசிய பேச்சைத் தாங்க முடியாமல் ஓட ஆரம்பித்தேன். என் மகள் கவிதா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா தனியாக ஓடினால் நாய் கடித்துவிடும் என்று துணைக்கு வந்தவள், பிறகு என்னை விட்டுவிட்டு எங்கேயோ முன்னால் போய்விடுவாள். அவளைப் போன வைகாசியில்தான் காங்கேயத்தில் கட்டிக்கொடுத்தோம். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பம், தங்கமான மனிதர்கள். போனில் பேசும்போதெல்லாம், ஓடுகிறாயா கண்ணு என்று கேட்பேன். இங்கே யாரும் ஓடுவதில்லைம்மா என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆக, எனக்குக் காங்கேயத்தில் இரண்டு வேலை இருந்தது. ஒருமுறையாவது முதல் பரிசு வாங்க வேண்டும். என் மகள் ஓடட்டுமா என்று அவளுடைய மாமியாரிடம் கேட்க வேண்டும். முதல் வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டேன். இரண்டாவதற்கு என்ன பயிற்சி எடுப்பது? பெண்ணைக் கொடுத்தவள், கட்டிக்கொடுத்த வருஷத்திலேயே போய் என் பெண்ணை ரோட்டில் ஓட விடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அதனால், பந்தயத்துக்கு வருகிறோம் என்பதையே சொல்லாமல், மகளைப் பார்க்க வருகிறோம் என்று மட்டும் போனில் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை சிங்காநல்லூரில் கரூர் பஸ்ஸைப் பிடித்தோம். என்னிடம் இரண்டு பை. பழம், பூ, பலகாரம் எல்லாம் வைத்த மஞ்சள் பையை நசுங்கிவிடும் என்று மடியிலேயே வைத்திருந்தேன். ஷூவும் சுடிதாரும் இருந்த நீல ரெக்சின் பையை மேலே கம்பித்தட்டில் போட்டேன். பல்லடம் தாண்டியதும் கோழிப் பண்ணை வாடை அடித்தது. அது ஓய்ந்து தேங்காய் எண்ணெய் வாசனை வந்தால் காங்கேயம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஊரில் தலைக்கு எண்ணெய் தேய்க்கவே வேண்டாம், தெருவில் ஒருமுறை நடந்துவிட்டு வந்தால் போதும் என்றார் டீச்சர்.

பஸ் ஸ்டாண்டில் சம்பந்தியம்மாவே காத்திருந்தார். பெயர் பழனியம்மாள். நல்ல உயரம். கொப்பரைக் களத்தின் அந்தக் கோடியில் நிற்கிற ஆளைச் சாதாரணமாகப் பேசியே கூப்பிட்டுவிடுகிற குரல். அவரைப் பார்த்த பதற்றத்தில் மஞ்சள் பையோடு இறங்கினேன். வாங்க, வாங்க என்று அவர் சொல்ல, நான் கும்பிட, டீச்சரை அறிமுகம் செய்துவைக்க, பஸ் நீலப் பையோடு கரூருக்குப் போய்விட்டது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறோமே, கரூருக்குப் பேசி ஏற்பாடு செய்துவிடலாம் என்று நான் பக்கத்து பூத்தில் போனைக் கையில் எடுத்தேன். டயல் டோன் வருவதற்குள் சம்பந்தியம்மா வேலையை முடித்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸில் இருப்பவர் அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்தத் தம்பியின் மச்சான் வெள்ளகோவிலில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையில்தான் கண்டக்டர் வெற்றிலை வாங்குவார். காங்கேயத்தில் உறவுமுறை ஓடுகிற வேகத்துக்கு எங்கள் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் நிற்க முடியாது. பையில் என்னங்க இருந்தது, நகையா என்று சம்பந்தியம்மா கேட்டார். துணிதானுங்க என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சந்தகை பிழிந்திருந்தார்கள். மேலே தேங்காய்ப் பால், நாட்டுச் சர்க்கரை. கோயமுத்தூரில் இடியாப்பம் என்று நாங்கள் சாப்பிடுவது இதற்கு முன்னால் நூல்கண்டு. ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சோப்பு நுரைக்கவே இல்லை. கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொர்க்கத்தில் இடம் கிடைத்தால்கூட, சிறுவாணித் தண்ணி வருமா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம்.

ஞாயிற்றுக்கிழமை ஒப்புட்டு. கடலைப்பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டி, நெய்யில் முக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒன்றோடு எழுந்தால் சமையல் பிடிக்கவில்லையா என்பார்கள். இரண்டோடு எழுந்தால் உடம்புக்கு என்ன என்பார்கள். சர்க்கரையைக் காரணம் காட்டி நான் தப்பித்துவிட்டேன். டீச்சருக்கு அப்படி ஒரு வியாதியும் இல்லை. பாவம், மறுக்கத் தெரியாமல் தின்றுகொண்டே இருந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் கண்டக்டரே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் வீட்டு ஆட்கள், களத்து ஆட்கள், நகைப் பையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டம். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அந்த நல்ல மனிதர். அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொல்வதற்குள் சம்பந்தியம்மா ஜிப்பை இழுத்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை வெளியே எடுத்தார். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“காலேஜுக்குப் போற பொண்ணுதுன்னு நெனச்சனுங்க” என்றார் கண்டக்டர்.

“ஏனுங்க சம்பந்தியம்மா, இது யாருதுங்க?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார் பழனியம்மாள்.

“என்றதுதானுங்க” என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

டீச்சர் பந்தய விஷயத்தை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டார். பொய் சொல்வது கணக்குக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. சம்பந்தியம்மா ஷூவைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

“அப்ப நீங்க எங்களப் பாக்க வந்தீங்களா, ஓட வந்தீங்களாங்க?”

“ரெண்டுக்குந்தானுங்க.”

கூட்டம் சிரித்தது. கவிதா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் கேட்கவில்லை. பயம்தான், வேறென்ன.

பெயர் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போன டீச்சர் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார். எங்கள் பிரிவில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமே பெயர் கொடுக்கவில்லையாம். குறைந்தது மூன்று பேராவது ஓடி முடித்தால்தான் அந்தப் பிரிவுக்குப் பரிசு என்பது விதியாம். காங்கேயத்தில் அந்த வயதுப் பெண்களுக்கு ஓடுவதைத் தவிர எல்லா வேலையும் இருந்தது. வந்தது வீண் என்று நான் ஷூவை மறுபடி பைக்குள் வைத்தேன்.

“மூணாவதா ஒரு ஆளு வேணும், அவ்வளவுதானுங்களே?” என்றார் சம்பந்தியம்மா. “எனக்கும் அம்பது தாண்டிப்போச்சுங்க. நான் வாரேன். ஊட்டுக்கு வந்த ஒரம்பரைய வெறுங்கையோட அனுப்பறதுங்களா?”

விருந்தாளிக்குச் சட்டியில் சோறு குறைந்தால் எப்படி இன்னொரு உலை வைப்பாரோ, அதே மாதிரிதான் அதையும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். சிவன்மலை ரோட்டில் ஒரு மைல்கல் வரை போய், அங்கே நிற்கிறவரிடம் கையில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு திரும்பி வர வேண்டும். சம்பந்தியம்மா சேலையைச் சொருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு கோட்டில் வந்து நின்றார். நான் பழக்க தோஷத்தில் அவருக்கு ஓரடி பின்னால் நின்றுவிட்டேன். கல்யாணப் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தானே நிற்கிறோம். விசில் ஊதியதும் டீச்சர் பறந்துவிட்டார். சம்பந்தியம்மா கோயிலைச் சுற்றுகிற மாதிரி நிதானமாக நடந்தார். நான் அவருக்குப் பின்னால், அதே நிதானத்தில். பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டியதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

“எம்பொறகால என்னங்க பண்றீங்க? போங்க. நான் வந்து சேந்துக்கறேன்.”

உத்தரவு கிடைத்துவிட்டது. ஓடினேன். ரோட்டின் இரண்டு பக்கமும் மில்களும் களங்களும். களம் முழுக்கக் கொப்பரை வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. பொழுது விடிந்த குளிர் இன்னும் போகவில்லை. வேலி ஓரமாக நின்ற ஒரு காங்கேயம் காளை என்னைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு ஓட்டமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. எங்கிருந்தோ வந்த ஒரு டவுன் பஸ் எனக்காக நின்றது. ஏறவில்லை என்று கையை ஆட்டினேன். கண்டக்டர் வருத்தத்தோடு விசில் கொடுத்தார்.

கொஞ்ச தூரம் போனதும் பழக்கப்பட்ட முதுகு தெரிந்தது. டீச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனதும் ஒப்புட்டு என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நான் அவரைத் தாண்டினேன். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக எனக்கு முன்னால் யாரும் இல்லை. வெறும் ரோடு. அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. இதை வீட்டுக்காரரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ரிப்பன் கட்டிக்கொண்டு திரும்பினேன். எதிரே வந்த டீச்சர் மூச்சு வாங்கியபடி கையை உயர்த்தி, போ, போ என்றார். அடுத்து சம்பந்தியம்மா எதிரே வர வேண்டும். வரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஓடினேன். ரோட்டோரக் களம் ஒன்றில் கயிற்றுக்கட்டில் போட்டு, அதில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் மோர்ச் சொம்பு. வழியில் ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டால் நிற்காமல் போவதற்கு அவர் என்ன ஊருக்குப் புதுசா? ஒரு வீட்டில் காப்பி, ஒரு வீட்டில் கச்சாயம், எல்லா வீட்டிலும் பழமை பேச்சு. கடைசியில் செருப்பு வார் அறுந்து, குதிகாலில் முள்ளும் ஏறியிருந்தது. களத்துக்காரர் டிவிஎஸ் பிப்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு, ஏறுங்க அக்கா, கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்று நின்றார். ஏறுவதற்கு அவரும் எழுந்துவிட்டார்.

அவர் அதில் ஏறினால் மூன்று பேர் இல்லை. மூன்று பேர் இல்லை என்றால் முதல் பரிசு இல்லை. அவரை விட்டுவிட்டு நான் ஓடினாலோ, பெண்ணைக் கொடுத்தவள் முள்குத்திய சம்பந்தியைக் கண்டும் காணாமல் ஓடினாள் என்று அந்தக் கொப்பரை காய்ந்து எண்ணெயாகி முடியும் வரைக்கும் பேசுவார்கள். பேசட்டும் என்று ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

பிறகு அவரை மறுபடி கட்டிலில் உட்காரவைத்து, முன்னால் கீழே உட்கார்ந்து, என் ஷூவைக் கழற்றினேன். ரிப்பன் கட்டிய கையோடு அதற்குள் டீச்சரும் வந்து சேர்ந்துவிட்டார். ஹேர்பின்னால் முள்ளை எடுத்தது அவர்தான். நான் சம்பந்தியம்மாவின் காலை எடுத்து ஷூவுக்குள் வைக்கப் போனேன். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“அட, நீங்க போயி என்ற காலத் தொடறதுங்களா?”

“ஓட்டப் பந்தயத்துல சம்பந்தியெல்லாம் கெடையாதுங்க” என்றேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வெறுங்காலாக இருந்ததால் இருக்கலாம்.

அளவு எடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. கயிற்றைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னேன்.

“கவிதா தெனமும் ஓடுவாளுங்க. கல்யாணத்துக்கு முன்னால.”

அவர் அடுத்த காலையும் நீட்டினார்.

“எனக்கு எப்படிங்க தெரியும்? அது வாயத் தொறந்து சொல்லுல. நீங்களும் சொல்லுல.” பிறகு, “இத்தன நாளும் அது காலங்காத்தால எந்திரிச்சு ரோட்டையே பாத்துட்டு நிக்கும். அம்மா நெனப்புன்னு நெனச்சுட்டனுங்க” என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

முதலில் மைல்கல்லுக்குப் போனோம். அங்கே போகாமல் திரும்பினால் ஓடியதாகக் கணக்கில்லை என்று டீச்சர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ரிப்பன் கட்டுகிறவர், எங்களை மறுபடி பார்த்து, இன்னொன்று கட்டட்டுமா என்று கேட்டார். திரும்பி வரும்போது நடுவில் சம்பந்தியம்மா, ஒரு பக்கம் டீச்சர், இன்னொரு பக்கம் வெறுங்காலில் நான். ஷூவை ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். மெத்தை மேல் நடக்கிற மாதிரி இருக்கிறதே, இதைப் போட்டுக்கொண்டுதான் நீங்கள் எல்லாம் ஓடுகிறீர்களா, எங்களுக்கு யாருமே சொல்லவில்லையே என்றார். வீடுகளில் மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை, பொழுதோட வாரனுங்க என்று கையை ஆட்டிவிட்டு அவர் நிற்காமல் நடந்தார்.

மற்றப் பந்தயமெல்லாம் முடிந்து, எங்களுக்காகத்தான் மைதானமே காத்திருந்தது. கேட்டருகில் கவிதா நின்றிருந்தாள். மாமியார் காலில் அம்மாவின் ஷூவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்தாரோ, கூட்டத்தைப் பார்த்தாரோ, சம்பந்தியம்மா திடீரென்று சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். விளையாட்டுக்கு இல்லை. நிஜமாகவே ஓடினார். நாங்கள் இருவரும் திடுக்கிட்டுப் பின்னால் ஓடினோம். சரளைக்கல் என் காலைப் பதம் பார்த்தது. டீச்சரைப் பிடித்தது ஒப்புட்டு. அப்படித்தான் அவர் இன்றுவரை சொல்கிறார்.

முதல் பரிசு சம்பந்தியம்மாவுக்கு. இரண்டாவது டீச்சருக்கு. எனக்கு மூன்றாவது. பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் பாத்திரத்தை, அவர்கள் பாஷையில் போசியை, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அவர் நின்றபோது, யாரும் என் காலைப் பார்க்கவில்லை. நல்லவேளை, அவ்வளவு அழுக்கு. மத்தியானம் அரிசியும் பருப்பும் போட்ட சாப்பாட்டில் எனக்குத் தன் கையாலேயே நெய் ஊற்றினார். வாசலில் கழற்றிவைத்த ஷூவைச் சாப்பிட்டதும் மறுபடி மாட்டிக்கொண்டார். திருப்பித் தருகிற பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த புது ரப்பர் செருப்போடு பஸ் ஏறினேன்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அருகம்புல் சாறு தீர்ந்துபோயிருந்தது. முதல் பரிசு உங்கள் ஷூவுக்குத்தான் சேரும் என்று வக்கீல் தீர்ப்புச் சொன்னார். மகள் விஷயம் என்ன ஆயிற்று என்று ரங்கசாமி அண்ணன் கேட்டார். தெரியவில்லை அண்ணா என்றேன். சம்பந்தியம்மா அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று டூட்டியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கவிதா கூப்பிட்டாள். பேச்சில் மூச்சு வாங்கியது.

“அம்மா, காலைல இருட்டோட அத்தை வந்து எழுப்புனாங்க. எந்திரி கண்ணு, ஒரு சுத்து போயிட்டு வந்தரலாம்னாங்க. உன் ஷூவ அவங்க போட்டுக்கிட்டாங்க. மூணு வீட்ல நின்னு பேசுனாங்கம்மா. நான் நிக்கல. மைல்கல் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். வெறுங்கால்லதான்.”

அவளுடைய ஷூ எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் துவைத்துக் காயவைத்து, பேப்பரில் சுற்றி வைத்திருந்தேன். யாருக்காவது கொடுத்துவிடு என்று வீட்டுக்காரர் எத்தனையோ தரம் சொல்லியும் கொடுக்கவில்லை. டூட்டி முடிந்ததும் அதே நீல ரெக்சின் பையில் அதைப் போட்டுக்கொண்டு சிங்காநல்லூர் போனேன். கரூர் பஸ்ஸில் அதே கண்டக்டர் நின்றிருந்தார். பையைக் கையில் கொடுத்ததும் சந்தேகத்தோடு பார்த்தார்.

“மறுபடியும் மறந்துபோட்டுப் போறீங்களாங்க?”

“இல்லீங்க. இந்தத் தடவை வேணும்னேதான்” என்றேன். காங்கேயத்தில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தார். பஸ் கிளம்பியது. ஏனென்று தெரியவில்லை, புது ரப்பர் செருப்போடு நானும் அதன் கூடவே கொஞ்ச தூரம் ஓடினேன். பாவம், ஒரு அம்மா பஸ்ஸை விட்டுவிட்டாள் என்று உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட்டு, விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தினார்கள். நான் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, போங்க, போங்க என்று கையைக் காட்டினேன்.